நொடிக்கு 5 சென்டிமீட்டர்: தகாகியும் அகாரியும் ஏன் சேரவில்லை?

2007 மார்ச்சில் ஜப்பானில் வெளியான ஒரு அனிமே படத்தை, 2025 அக்டோபரில் நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்து வெளியிட்டார்கள். மூலப்படம் மகோடோ ஷின்காய் இயக்கிய 'நொடிக்கு 5 சென்டிமீட்டர்'. புதிய படத்தை இயக்கியவர் யோஷியுகி ஒகுயாமா, நாயகன் ஹொகுடோ மட்சுமுரா. புதியது வந்த சூட்டில் பழையதைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இதில் வில்லன் கிடையாது. சண்டை இல்லை, சாவு இல்லை, பெற்றோர் எதிர்ப்பு இல்லை. நாயகன் தகாகிக்கும் நாயகி அகாரிக்கும் ஒருவர்மேல் ஒருவர் உயிர். அப்படியிருந்தும் சேரவில்லை. ஏன்?

ஷின்காயின் பின்னாளைய 'யுவர் நேம்' (2016) படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வருகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அதில் உடல் மாறுவதும் வால்நட்சத்திரமும் உண்டு. இதில் மாயம் எதுவும் இல்லை. ரயில், கடிதம், பனி, செல்போன், அவ்வளவுதான்.

கேள்விக்கான பதில் படத்திலேயே இருக்கிறது. முதல் பகுதி முடிவதற்குள் கதாநாயகனே அதை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறான். காட்சியின் அழகில் நாம்தான் அதைத் தவறவிட்டுவிடுகிறோம். அடிப்படையிலிருந்து வருவோம்.

கதையின் அமைப்பு

படத்தின் மொத்த நீளம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் மூன்று பகுதிகள்.

1. தகாகி டோனோ, அகாரி ஷினோஹாரா இருவரும் டோக்கியோவில் ஆரம்பப் பள்ளித் தோழர்கள். படிப்பு முடிந்ததும் அகாரியின் குடும்பம் வடக்கே டோச்சிகி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. கடிதத்தில் உறவு தொடர்கிறது. அடுத்து தகாகியின் குடும்பமும் தெற்குக் கோடியில் உள்ள ககோஷிமாவுக்கு மாறப்போகிறது. அதற்கு முன் அவளை ஒருமுறை பார்த்துவிட அவன் ரயில் ஏறுகிறான்.

2. ககோஷிமாவைச் சேர்ந்த டனேகாஷிமா தீவு. தகாகி உயர்நிலைப் பள்ளிக் கடைசி வருடம் படிக்கிறான். உடன் படிக்கும் கனாயே சுமிடா அவனை ஒருதலையாகக் காதலிக்கிறாள். இந்தப் பகுதியை நமக்குச் சொல்பவள் அவள்தான்.

3. டோக்கியோ. தகாகி மென்பொருள் எழுதும் வேலையில் இருந்து, அதையும் விட்டுவிட்டவன். அகாரிக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மூன்றில் இதுதான் மிகச் சிறியது.

தலைப்பில் ஏன் ஒரு வேகம்?

செர்ரி இதழ் விழும் வேகம் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று பள்ளிவிட்டு வரும் வழியில் அகாரி சொல்கிறாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் உயரக் கிளையிலிருந்து இந்த வேகத்தில் ஓர் இதழ் தரைக்கு வர முழுதாக ஒரு நிமிடம் ஆகும். நிஜ இதழ் சில நொடிகளில் விழுந்துவிடும். ஆக அறிவியலாக இது நிற்காது. எங்கோ கேட்டதை நம்பி, பிடித்தவனிடம் ஓடிவந்து சொல்லும் குழந்தையின் பேச்சு இது.

ஆனால் கதையின் அளவுகோல் இந்த எண்தான். நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால் மணிக்கு 180 மீட்டர். இரவும் பகலும் நிற்காமல் போனால் ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். டோக்கியோவிலிருந்து அகாரி இருக்கும் இவாஃபுனேவுக்கு ரயில் பாதையில் சுமார் 100 கிலோமீட்டர். இதழின் வேகத்தில் 23 நாள். டனேகாஷிமாவோ டோக்கியோவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். ஏழரை மாதம்.

அப்புறம், படத்தில் வரும் வேகம் இது ஒன்று மட்டும் அல்ல. இரண்டாம் பகுதியில் ராக்கெட்டை ஏற்றிய ராட்சத வண்டி ஊர்ந்து போகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகமாம் என்கிறாள் கனாயே. அதே ஐந்து. அந்தச் சொல் காதில் விழுந்ததும் தகாகி ஒரு கணம் திடுக்கிடுகிறான். மூன்றாம் பகுதியில், மூன்று வருடம் அவனோடு பழகிய பெண் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறாள். ஆயிரம் தடவை செய்தி பரிமாறிக்கொண்டும் நம் மனங்கள் ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கும் என்பது அதன் சாரம்.

ஷின்காய்க்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 2002-ல் ஏறக்குறையத் தனி ஆளாகத் தன் கணினியில் அவர் உருவாக்கிய 25 நிமிடப் படத்தில், விண்வெளிக்குப் போன பெண்ணின் குறுஞ்செய்தி பூமியில் இருக்கும் பையனுக்கு வந்து சேர எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒளியின் வேகத்தில் வந்தாலும் அவ்வளவு காலம். அங்கே தாமதத்துக்குக் காரணம் விண்வெளி. இந்தப் படத்தில் விண்வெளியை எடுத்துவிட்டு அதே தாமதத்தை ஒரு மாவட்டத்துக்கும் இன்னொரு மாவட்டத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறார்.

பிள்ளைகள் ஏன் ஊர் ஊராகப் போகிறார்கள்?

ஜப்பானியப் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாத இரண்டு விஷயங்கள் உண்டு. நமக்கு அவற்றைச் சொல்லியாக வேண்டும்.

1. டென்கின். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களைக் கிளை கிளையாக மாற்றும் வழக்கத்துக்கு இதுதான் பெயர். நம் ஊர் வங்கிக்காரர், ரயில்வேக்காரர் வீடுகளில் 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் என்ன செய்யுமோ அதையேதான் அங்கே இந்தச் சொல்லும் செய்கிறது. இப்படி வந்து சேரும் மாணவர்களுக்கு டென்கோசெய் என்று தனிப் பெயரே உண்டு. தகாகியும் அகாரியும் அந்தப் பள்ளிக்கு அப்படி வந்தவர்கள்தான். இருவருக்கும் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். இருவருக்கும் மைதானத்தைவிட நூலகம் பிடிக்கும். அவர்களைச் சேர்த்ததும் இடமாற்றம், பிரித்ததும் இடமாற்றம்.

2. பள்ளி ஆண்டு. ஜப்பானில் அது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அலுவலக இடமாற்றங்கள் பலவும் ஏப்ரலை ஒட்டியே வரும். டோக்கியோவில் செர்ரி பூப்பது பெரும்பாலும் மார்ச் கடைசியில். யசுகுனி கோயில் வளாகத்தில் நிற்கும் மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் 'பூத்துவிட்டது' என்று வானிலைத் துறை அறிவிக்கும். அதன்பின் இரண்டு வாரம் நீடித்தால் பெரிது. எனவே அங்கே ஒரு குழந்தைக்குச் செர்ரிப்பூ என்றால் பிரிவுபசாரமும் புது வகுப்பறையும் ஒன்றாக நினைவுக்கு வரும். செர்ரியைக் காட்டிய மாத்திரத்தில் 'யாரோ போகிறார்கள்' என்பது அங்கே யாருக்கும் புரிந்துவிடும்.

ஊர் மாறப்போகும் செய்தியை அகாரி பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அழுதுகொண்டே சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அந்தப் பக்கம் தகாகி, 'சரி, போதும், விடு' என்கிற மாதிரி வெட்டிப் பேசிவிடுகிறான். ரிசீவர் காதில் அழுந்தி வலிக்கிற அளவுக்கு அவள் வேதனை அவனுக்குக் கேட்கிறது. இருந்தும் ஆறுதலாக ஒரு சொல் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனிடம் அதற்கான சொல் ஏது? பின்னால் அவன் எழுதாமல் விடும் எல்லாவற்றுக்கும் தொடக்கம் இந்தத் தொலைபேசி அழைப்பு என்றே படுகிறது.

இவாஃபுனே ரயில்

படத்தின் உயிர் இந்தப் பயணத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மார்ச் தொடக்கம், 1990களின் நடுப்பகுதி. சிறுவர்கள் கையில் செல்போன் இல்லாத காலம். பதிமூன்று வயதுப் பையன் பள்ளி முடிந்து தனியாகக் கிளம்புகிறான். ஷின்ஜுகுவில் ஏறி, ஓமியாவில் மாறி, ஓயாமாவில் மறுபடி மாறி, கடைசியாக ஒரு கிளைப் பாதை. எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறான். மாலை ஏழு மணிக்கு நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு.

பனி கொட்டுகிறது. முதலில் சில நிமிடத் தாமதம், பிறகு அரை மணி, பிறகு ரயில் வெட்டவெளியில் நின்றே விடுகிறது. ஒரு நிலையத்தில் குடிக்க ஏதாவது வாங்கலாம் என்று சட்டைப்பையில் கை விடும்போது, இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய கடிதம் காற்றில் பறந்துவிடுகிறது. அவன் பின்னால் ஓடுவதுகூட இல்லை. அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் வரத் தாமதமாகும், நீ வீட்டுக்குப் போய்விடு என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை. இன்றைக்கு மூன்று நொடி வேலை. அவள் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, போயிருக்க மாட்டாள் என்று தெரிந்தே அவன் பயணம் செய்கிறான். பதினொரு மணிக்கு மேல் இறங்கினால், காத்திருப்பு அறையில் கனப்படுப்பின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் அகாரி. அவன் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அப்புறம் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றித் தருகிறாள், கையால் சமைத்ததைத் தருகிறாள். இதைவிட ருசியாக எதுவும் சாப்பிட்டதில்லை என்கிறான் அவன்.

நிலையத்தை மூடும் நேரம் வர, வெளியே போய் இலையில்லாத ஒரு செர்ரி மரத்தடியில் நிற்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் உதிரும் இதழைப் பார்த்து, பனி போல இருக்கிறதல்லவா என்று கேட்டவள் அகாரி. இங்கே விழும் பனி இதழாகத் தெரிகிறது. முத்தம் அங்கேதான் நிகழ்கிறது. அந்த நொடியில் தகாகியின் குரல் சொல்வதைக் கவனிக்க வேண்டும். நித்தியமும் ஆன்மாவும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டதைப் போல உணர்ந்தேன் என்கிறான். அடுத்த மூச்சிலேயே, இனி நாங்கள் எப்போதும் ஒன்றாக இருக்க முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது என்கிறான்.

பதில் இதுதான். 'ஏன் சேரவில்லை' என்ற கேள்விக்குப் படம் அங்கேயே, இடி மின்னல் எதுவும் இல்லாமல், விடை கொடுத்துவிடுகிறது. இருவர் முன்னாலும் இன்னும் எவ்வளவோ வாழ்க்கை மலைபோலக் கிடக்கிறது. அதை அவர்களால் தாண்ட முடியாது. அன்றிரவே அவனுக்கு இது தெரியும்.

காலையில் ரயில் கிளம்பும்போது அகாரி சொல்லும் சொல்லும் அதையொட்டியதே. 'தகாகி, இனிமேலும் நீ நன்றாகத்தான் இருப்பாய்' என்கிறாள். திரும்ப எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. இது விடை கொடுக்கும் பேச்சு. கதவு மூடும்போது அவன், கடிதம் எழுதுவேன், போனும் பண்ணுவேன் என்று கத்துகிறான். ரயில் நகர்ந்தபின் நமக்கு இன்னொன்றும் காட்டுகிறார்கள். அகாரியும் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து, கொடுக்காமலே வைத்திருந்திருக்கிறாள். அவன் கடிதம் தொலைந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவள் கடிதம் இருந்ததையே அவனிடம் சொல்லவில்லை.

தீவு, கடல், ராக்கெட்

டனேகாஷிமாவில் ஜப்பானின் ராக்கெட் ஏவுதளம் 1969 முதல் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு அந்த இடம் தற்செயலாக அமைந்ததல்ல. சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகப்போகும் ஒரு விண்கலத்தை ஏவுகிறார்கள். ஒரு ஹைட்ரஜன் அணுவைக்கூட எளிதில் சந்திக்க முடியாத இருளில் அது தனியாகப் போய்க்கொண்டே இருக்கும் என்று தகாகி நினைக்கிறான். அவன் நினைப்பது தன்னைப் பற்றியேதான்.

கனாயேவைப் பற்றி ஒரு வார்த்தை: மூன்று பகுதிகளில் நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் அவள்தான். அலைச்சறுக்குப் பலகையில் ஆறு மாதமாக எழுந்து நிற்க முடியவில்லை. நின்றுவிட்டால் அன்றைக்கு அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்கிறாள். நின்றும் விடுகிறாள். மாலையில் கடை வாசலில் அவன் சட்டை நுனியைப் பிடிக்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கும் பார்வையிலேயே 'எதுவும் சொல்லாதே' என்பது தெரிந்துவிடுகிறது. அவளுடைய வண்டியும் மக்கர் செய்ய, இருவரும் நடந்தே போகிறார்கள். அவள் அழ ஆரம்பிக்கிறாள். அப்போதுதான் ராக்கெட் கிளம்பி வானத்தை வெளிச்சமும் நிழலுமாக இரண்டாகப் பிளக்கிறது. அவன் பார்ப்பது தனக்கும் வெகு அப்பால் இருக்கும் எதையோ என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

நம் அகத்திணை மரபில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். ஷின்காய்க்கும் அந்த மரபுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நிலமும் பொழுதும் பாத்திரத்தின் மனநிலையைத் தாமே சொல்லிவிடும் முறைக்குப் பழகியவர்களுக்கு, இவர் ஏன் முகத்தைவிட வானத்துக்கும் மின்கம்பிக்கும் அதிக நேரம் கொடுக்கிறார் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. கடற்கரையில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இரங்கும் பெண்ணை நாம் முன்பே அறிவோம்.

கடிதம் ஏன் நின்றது?

நின்ற நாள் எது என்று படம் சொல்வதில்லை. வெறுமையான தபால் பெட்டியை மட்டும் காட்டுகிறது. கிடைக்கும் தடயங்களை வைத்து இவ்வளவு சொல்லலாம்.

1. தகாகி எழுதுவதை நிறுத்தவே இல்லை, அனுப்புவதைத்தான் நிறுத்தினான். தீவில் செல்போனில் எந்நேரமும் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். யாருக்கு எழுதுகிறானோ என்று கனாயே ஏங்குகிறாள். உண்மையில் அவை யாருக்கும் இல்லை. பெறுநர் முகவரி இல்லாமல் எழுதி, அழித்துவிடுகிறான். இது எப்போது பழக்கமானது என்று அவனுக்கே தெரியவில்லை.

2. அவன் கனவில் வரும் பெண்ணுக்கு முகம் தெரிவதில்லை. அகாரி என்ற ஆள் மெல்ல மறைந்து, அந்த இரவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவன் காத்திருப்பது அந்த இரவுக்காக. அதற்குக் கடிதம் போட முடியாது.

3. தொழில்நுட்பம் இங்கே உதவவில்லை. முதல் பகுதியில் செய்தி அனுப்ப வழியில்லை, ஆனால் சொல்ல நிறைய இருந்தது. மூன்றாவதில் பையிலேயே போன் இருக்கிறது, ஆயிரம் செய்தி போகிறது, சொல்லத்தான் ஒன்றுமில்லை. நூறு கிலோமீட்டரைப் பனியில் கடந்தவனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவளை நெருங்க முடியவில்லை.

4. அகாரி வளர்ந்துவிட்டாள். இது துரோகம் இல்லை. பழைய கடிதம் ஒன்று பெட்டியில் கண்ணில் பட, அந்தப் பனி இரவு அவள் கனவிலும் வருகிறது. அவளும் மறக்கவில்லை. நினைவாக வைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள், அவ்வளவே.

இங்கே படத்தின் மேல் ஒரு மனக்குறை உண்டு. அகாரி எப்படி அந்த இடத்துக்கு வந்தாள் என்பதற்குச் சில நொடிகள்தான் கிடைக்கின்றன. யாரைப் பார்த்து, எதை இழந்து, எப்படி மனதைத் தேற்றிக்கொண்டாள் என்பதெல்லாம் நம் ஊகத்துக்கே விடப்படுகிறது. தகாகியின் சோர்வுக்குக் கிடைத்த இடத்தில் பாதி கிடைத்திருந்தால்கூடக் கடைசிக் காட்சியின் கனம் கூடியிருக்கும்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது பாட்டு. மசயோஷி யமசாகி பாடி 1997-லேயே வெளிவந்த 'ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்'. இருக்கவே முடியாத இடங்களில் ஒருத்தியைத் தேடித் திரிபவனின் பாட்டு அது. எதிர் நடைமேடை, சந்து ஜன்னல், எக்ஸ்பிரஸுக்காக மூடிய ரயில்வே கேட் எல்லாம் அதில் முன்பே இருக்கின்றன. பாட்டு ஓட ஓட, பதின்மூன்று பதினான்கு வருட வாழ்க்கை கண்ணிமைக்கும் துண்டுகளாக வெட்டி ஓடுகிறது.

ரயில்வே கேட்

டோக்கியோவின் ஒடக்யு பாதையில் சங்குபாஷி நிலையத்தருகே உள்ள ஒரு கேட்டில் படம் தொடங்கி அங்கேயே முடிகிறது. முதல் முறை, மணி அடிக்கத் தொடங்கும்போது சிறுமி அகாரி குறுக்கே ஓடிவிடுகிறாள். தகாகி இந்தப் பக்கம் நின்றுவிடுகிறான். அடுத்த வருடமும் சேர்ந்து பூப் பார்க்க வேண்டும் என்று அவள் எதிரிலிருந்து சொல்லும்போதே ரயில் குறுக்கே வந்துவிடுகிறது.

கடைசி முறை இருவரும் பெரியவர்கள். எதிரெதிராக நடந்து வந்து தண்டவாளத்தின் நடுவே ஒருவரையொருவர் கடக்கிறார்கள். இப்போது திரும்பினால் அவளும் திரும்புவாள் என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றுகிறது. கேட் விழுகிறது. திரும்புகிறான். எதிரிலும் அந்தப் பெண் மெல்லத் திரும்பத் தொடங்குகிறாள். முகம் தெரிவதற்குள் ஒரு ரயில். அது போய் முடிவதற்குள் எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று. தகாகி நிற்கிறான்.

முடிவு சோகமா இல்லையா என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். இரண்டு ரயிலும் போனபின் எதிரே யாரும் இல்லை. இவாஃபுனேவில் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தவள், இங்கே இரண்டு ரயில் போகும் நேரம் நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அவன் முகத்தைப் பாருங்கள். ஏமாற்றம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு புன்னகை. அவள் நின்றிருந்தால் அந்த இரவு மறுபடி தொடங்கியிருக்கும், அவன் இன்னும் பத்து வருடம் அங்கேயே நின்றிருப்பான்.

ரயில் கிளப்பிய காற்றில் இதழ்கள் சுழல்கின்றன. அவன் திரும்பி, தான் போய்க்கொண்டிருந்த பக்கமே நடக்கத் தொடங்குகிறான்.